20 வருடப் பழைய பென்ஸ் வாங்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2004ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 200 கொம்பிரசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். மீற்றரில் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர், பெயின்ட் பளபளக்கிறது, உள்ளே லெதர் சீற் கிழியவில்லை, விலை ஒரு சின்ன ஜப்பான் காரை விடக் குறைவு. எடுக்கலாமா, எடுப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி. இதில் உண்மையில் கேட்கப்படுவது, அந்தக் காரில் இதுவரை செய்யாமல் தள்ளிப்போட்ட வேலை எவ்வளவு, அது இனி யார் தலையில் விழும் என்பதுதான். இந்த வகைக் கார் விற்பனைக்கு வருவதே பெரும்பாலும் ஒரு பெரிய பில் வரப்போகிறது என்று உரிமையாளருக்குத் தெரிந்த பிறகுதான். ஆகவே மீற்றரையும் பெயின்டையும் ஓரமாக வைத்துவிட்டு, திருத்தவே முடியாததில் தொடங்கி, திருத்தச் செலவு கூடியது, குறைந்தது என்ற வரிசையில் பாருங்கள்.

திருத்தவே முடியாதது பத்திரம். சிஆர் புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், உள்ள சேசிஸ் இலக்கம், காரின் உடலில் அடித்திருக்கும் இலக்கம், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் இலக்கம், ஸ்கேனரை மாட்டினால் காரின் கணினி காட்டும் இலக்கம், இந்த நான்கும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் காருக்கு அது டபிள்யூ, டி, பி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி அடுத்ததாக 211 என்று வரும். என்ஜின் இலக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய என்ஜின் ஏறியிருந்து சிஆர் புத்தகத்தில் அது மாற்றப்படாமல் இருந்தால், பிறகு விற்கும்போது தொல்லை உங்களுக்கு. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். விற்பவரின் பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் வேறாக இருந்து, வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓபன் பேப்பர்தான் கையில் இருக்கிறது என்றால், பதிவில் உள்ள உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இப்படி மூன்று நான்கு கை மாறிய கார்களில் நடுவில் யாராவது இறந்திருந்தாலோ வெளிநாடு போயிருந்தாலோ பெயர் மாற்றம் வருடக்கணக்கில் இழுபடும். நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுக்கலாம். அதைச் செய்துவிட்டே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வருமான அனுமதிப் பத்திரத்தில் நிலுவை இருந்தால் அதுவும் காரோடு உங்களிடம்தான் வரும்.

அடுத்தது மாதிரி. டபிள்யூ 211 எனப்படும் இந்த ஈ கிளாஸ் 2002இல் வந்து 2009 வரை ஓடியது. 2006இன் நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதற்கு முந்தியவற்றில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் 2004ஆம் ஆண்டுக் கார் அதில் ஒன்று. பிரேக் பெடலை மிதிக்கும்போது நீங்கள் ஒரு சென்சரைத்தான் அழுத்துகிறீர்கள். ஒரு மின்பம்ப் சேமித்து வைத்த அழுத்தத்தைக் கணினி ஒவ்வொரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பிழை வந்தால் அது பின்வாங்கி, பெடலுக்கும் முன் சில்லுகளுக்கும் மட்டும் நேரடித் தொடர்பைத் தரும். அப்போது பெடல் ஆழமாக இறங்கும், முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும். 2004, 2005ஆம் ஆண்டுகளில் மெர்சிடிஸ் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தது இதற்காகத்தான். பிறகு 2006 மாற்றத்தோடு இந்த முறையையே கைவிட்டு வழமையான பிரேக்குக்குத் திரும்பியது.

எஸ்பிசி பம்பினுள் ஒரு கணக்கு ஓடுகிறது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஏறும். ஏறத்தாழ 3 இலட்சத்தை அடையும்போது, பிரேக்கைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சிவப்பில் எச்சரிக்கை வரும். காலி வீதியில் பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை போய்வருகிற கார் ஒரு கிலோமீட்டரில் எத்தனை தடவை பிரேக் பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய ஜெர்மன் காரை விடக் கொழும்புக் கார் அந்த எல்லைக்கு மிக முந்தி வந்துவிடும். மெர்சிடிஸின் சொந்த ஸ்கேனர் உள்ள கராஜில் இந்த எண்ணைப் பார்க்க முடியும். விலை பேசும் முன் அதைப் பார்ப்பது கட்டாயம். மீற்றர் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் காட்ட, கணக்கு எல்லையை நெருங்கி நின்றால் இரண்டு விதமாக எடுக்கலாம்: கார் முழுக்க நகரத்துக்குள் ஓடியது, அல்லது மீற்றர் பின்னுக்குச் சுற்றப்பட்டது. எண் சந்தேகப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் பம்ப் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது கணக்கை மட்டும் அழித்திருக்கலாம். மாற்றியிருந்தால் பில் இருக்கும். கணக்கை அழிப்பதால் பம்ப் மோட்டாரின் தேய்மானம் குறையாது, எச்சரிக்கை மட்டும்தான் மறையும். பிரேக்கில் இப்படிச் செய்த காரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று: இந்தக் காரில் பிரேக் பேட் மாற்றும் முன் ஸ்கேனரால் எஸ்பிசியை முடக்க வேண்டும். முடக்காமல் வேலை செய்யும்போது யாராவது கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துப் பிஸ்டனைத் தள்ளும், கைவிரல் நசுங்கும். உங்கள் கராஜ்காரருக்கு இது தெரியாவிட்டால் அவர் இந்தக் காருக்கு ஏற்ற ஆள் இல்லை.

இனி என்ஜின். எம் 271 என்ற 1.8 லீற்றர், நாலு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டியது, பெயரில் வரும் கொம்பிரசர் இதுதான். 2004இல் 163 குதிரைவலு. நல்ல என்ஜின்தான், ஆனால் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் செயின் மெல்லியது. ஒயிலைக் காலம் தாழ்த்தி மாற்றிய கார்களில் செயின் நீண்டு, கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர்களின் பற்களும் தேய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஒரு நாளில் சில வினாடிகள்தான் கிடைக்கும், அது காலையில் முதல் ஸ்டார்ட். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனவுடன் பொனற்றின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் பேச்சை வளர்க்காமல் இன்னொரு நாள் வாருங்கள். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் முன்பக்கம் நிற்க வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். கடகடவென்று ஓர் இரும்புச் சத்தம் ஒரு வினாடிக்குள் நின்றுவிட்டால் டென்சனரில் ஒயில் நிரம்பும் நேரம் என்று விட்டுவிடலாம். இரண்டு மூன்று வினாடி இழுத்தால் செயின், இரண்டு அட்ஜஸ்டர், டென்சனர், கைடுகள் எல்லாம் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், பிறகு வேறு என்ஜின்தான். சத்தமே இல்லாவிட்டாலும் செயின் நல்லது என்று சத்தியம் பண்ண முடியாது. ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட்டும் கிராங்க்ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்ற பழுதுக் குறி பழைய பதிவாகக்கூட இல்லாமல் இருந்தால் ஓரளவு நிம்மதி, அவ்வளவுதான்.

இந்த என்ஜினில் பலருக்குத் தெரியாத ஒரு சின்ன இடம் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம் அந்த அட்ஜஸ்டர்களை இயக்கும் இரண்டு வட்டமான மின்காந்தங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வயர் கனெக்டர். என்ஜினை நிறுத்திவிட்டு அந்த இரண்டு கனெக்டரையும் கழற்றச் சொல்லி, உள்ளே ஒரு ரிஷ்யூத் துண்டை விட்டு எடுங்கள். ஒயில் ஒட்டினால் காந்தம் உள்ளுக்குக் கசிகிறது என்று அர்த்தம். அந்த ஒயில் செப்புக் கம்பிகளின் இடையால் ஊறி ஊறி, வயரிங் முழுக்கப் பயணம் செய்து, ஒக்சிஜன் சென்சருக்கும் என்ஜின் கணினிக்கும் போய்ச் சேரும். கணினியின் கனெக்டரிலும் ஒயில் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. காந்தத்தில் மட்டும் என்றால் காந்தத்தை மாற்றி, ஒயிலைத் தடுக்கும் குட்டைத் துண்டு வயர் ஒன்றை இடையில் போட்டுவிடலாம், அதிகச் செலவில்லை. சூப்பர்சார்ஜரின் கீழே இருக்கும் மூச்சுக் குழாய்களும் இந்த வயதில் வெடித்திருக்கும். ஐடிலில் விசில் சத்தமும் தடுமாற்றமும் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

கூலன்ற் தாங்கி மூடியை என்ஜின் குளிராக இருக்கும்போது திறந்து பாருங்கள். உள்ளே தெளிவான நிறத்தோடு கூலன்ற் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரும் செம்மண் நிறத் துருவும் இருந்தால் அந்தக் கார் ஒருமுறையாவது சூடாகியிருக்கிறது, அல்லது சூடாகப் போகிறது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆரம்ப வருடங்களில் வந்த சிலவற்றில் பொருத்திய வலியோ நிறுவன ரேடியேற்றருக்குள்ளே கியர் ஒயில் குளிரும் பகுதி உடைந்து, கூலன்ற் கியர்பொக்ஸுக்குள் போய்விடும். கூலன்ற்றில் எண்ணெய்ப் படலமோ கியர் ஒயிலில் பால் நிறமோ தெரிந்தால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கியர்பொக்ஸ் 722.6 என்ற ஐந்து வேக ஓட்டோ. இரும்பு வேலையைப் பொறுத்தவரை மிகவும் உறுதியானது. கெடுவது மின்சாரப் பகுதிதான். இதன் ஒயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டதை நம்பி யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். அளக்கும் குச்சியும் இதில் இல்லை. குழாய் மூடியில் முத்திரை மட்டும் இருக்கும், ஒயில் சூடேறிய பிறகு கராஜின் தனிக் குச்சியால்தான் அளக்க முடியும். காரை லிஃப்டில் ஏற்றி, கியர்பொக்ஸின் பக்கத்தில் 13 முனையுள்ள வட்டக் கனெக்டரைப் பாருங்கள். அங்கே சிவப்பு ஒயில் ஈரம் இருந்தால், சின்ன ரப்பர் ஓ வளையம் ஒன்று மாற்றப்படாமல் போனதால் ஒயில் வயரோடு ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டும்போது, பார்க்கில் இருந்து டிக்கும் ஆருக்கும் போட்டால் ஒரு வினாடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இரண்டில் இருந்து மூன்றுக்கு ஏறும்போது ஆர்பிஎம் சும்மா எகிறக் கூடாது. 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதமாக அக்சிலேற்றரை வைத்திருக்கும்போது நொறுங்கிய வீதியில் போவது போன்ற அதிர்வு வந்தால், என்ஜினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேட்டர் அல்லது கெட்ட ஒயில் காரணம். கியர்பொக்ஸுக்குள் உள்ள கொண்டக்டர் பிளேட் என்ற மின்தகடு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போகும். அப்போது கார் இரண்டாம் கியரில் உறைந்து நிற்கும். எந்தப் பரிசோதனையும் அதை முன்கூட்டிச் சொல்லாது. பிளேட், ஒயில் ஏறத்தாழ 8 லீற்றர், ஃபில்டர், இவற்றுக்கான காசை ஒதுக்கி வைத்தே வாங்குங்கள்.

வெள்ளவத்தையில் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு ஓட்டிப் பார்த்ததாக நினைக்க வேண்டாம். ஏசியைப் போட்டுக்கொண்டு மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர வேண்டும், அதன் பிறகு பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்க அதிவேக வீதியிலோ கொட்டாவையில் ஏறித் தெற்கு அதிவேக வீதியிலோ 100 வரை போக வேண்டும். வெப்பக் காட்டி 90ஐ ஒட்டி நிற்க வேண்டும். நெரிசலில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், 110ஐ நோக்கிப் போகக் கூடாது. 100இல் ஸ்டியரிங் ஆடினால் ரயர் பலன்ஸ் என்று சொல்வார்கள். பலன்ஸ் பண்ணிய பிறகும் ஆடினால், முன் சில்லுகளைத் தாங்கும் கைகளின் புஷ்களும் போல் ஜொயின்டுகளும்தான். நம் வீதிக் குழிகளில் அவை சீக்கிரம் போகும், எல்லாப் பக்கமும் சேர்த்து மாற்றினால் தொகை சின்னதல்ல. ரயர் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். பூ நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரயரை நம்ப வேண்டாம். 

உடல் பக்கம் வந்தால், காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்துப் புட்டி இருக்கிறதா என்று சொல்லும் வழக்கம் இந்தக் காரில் உதவாது. பொனற், முன் மட்கார்ட் இரண்டும், பின் டிக்கி மூடி எல்லாம் அலுமினியம்; காந்தம் நல்ல பகுதியிலும் ஒட்டாது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சேர்த்து வேலை செய்யும் பெயின்ட் அளவுகருவி வேண்டும். கம்பனிப் பெயின்ட் 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, 500ஐத் தாண்டினால் அடியில் புட்டி. கொழும்பில் 20 வருடம் நின்ற காரில் ஒரு பம்பரும் ஒரு கதவும் மறுபடி அடித்திருப்பது சாதாரணம், அதற்காகக் காரைத் தள்ளாதீர்கள். தூண்களிலும் முன் ஷொக் அப்சோபர் கோபுரத்திலும் வெல்டிங் அடையாளம் தெரிந்தால்தான் தள்ள வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் வெட்டவெளியில் நின்ற கார் என்றால் உப்புக் காற்று அடியில் வேலை செய்திருக்கும். பிரேக் குழாய்கள், ஜக் வைக்கும் இடங்கள், கதவுகளின் கீழ் விளிம்பு, எர்த் வயர் பூட்டிய புள்ளிகள், இவற்றை டோர்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு முந்திய டபிள்யூ 210ஐ விட இது துருவைத் தாங்கும். அதனால் இதில் கடும் துரு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் விபத்தோ வெள்ளமோ.

வெள்ளம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் கடுவெலையிலும் ஏராளமான வாகனங்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்த கார்கள் சந்தைக்கு வராமல் போகவில்லை. முன் சீற் பெல்ட்டை இழுங்கள், பாதி இழுத்து விடாமல், சுருள் முடியும் வரை முழுவதும் இழுங்கள். வழமையாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் மண் கறையோ நீர் ஏறிய கோடோ இருந்தால் கதை முடிந்தது. சீற் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கால் வைக்கும் இடத்துக் கார்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம், டிக்கியில் பற்றரி இருக்கும் குழியில் நீர், இவையும் அதே கதைதான். ஆனால் ஈரம் எல்லாமே வெள்ளம் இல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் இலைகுழையால் அடைபட்டாலும், பின் விளக்கின் ரப்பர் காய்ந்தாலும் மழை உள்ளே வரும். பின் பக்க மின் பகிர்வுப் பெட்டி டிக்கிக்குள் இருப்பதால் அதுவும் கெடும்; அதற்குப் பிறகு விளக்கு ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது, காரணம் தேடியே காசு போகும். எஸ்பிசி உள்ள காரில் பொனற்றுக்குள் இரண்டாவது சின்னப் பற்றரி ஒன்றும் இருக்கிறது. அது பலவீனமானாலே பல பொய் எச்சரிக்கைகள் வரும், ஆகவே ஸ்கேன் பண்ண முன் இரண்டு பற்றரியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏசி நடுப்பகல் வெயிலில் பத்து நிமிடத்துக்குள் நன்றாகக் குளிர வேண்டும். காஸ் குறைவு என்று விற்பவர் சொன்னால் அந்தக் காஸ் எங்கே போனது என்று கேளுங்கள். திறப்பு இரண்டும் வேண்டும், புதியதைச் சேசிஸ் இலக்கம் கொடுத்து ஏஜன்ட் மூலம் எடுக்க வேண்டியிருக்கும். ஒக்டேன் 95 பெற்றோல்தான் போட வேண்டும். முழுக் காப்புறுதியை இந்த வயதுக் காருக்கு எல்லாக் கம்பனியும் இலகுவில் தராது, வாங்கும் முன் கேட்டு வையுங்கள்.

மீற்றரைப் பற்றி ஒன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களுக்கு விலை ஏறியதால் மீற்றரில் கை வைக்கும் ஆசையும் ஏறியது. கணினியில் பழைய பழுதுப் பதிவுகள் சிலவற்றில் அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்றும் இருக்கும். இரண்டு இலட்சத்தில் வந்த பழுது, ஒரு இலட்சத்து முப்பதாயிரம் காட்டும் காரில் இருக்க முடியாது. என் கணிப்பில் இரண்டரை இலட்சம் ஓடி, ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் மெர்சிடிஸின் 229.5 தர என்ஜின் ஒயில் மாற்றிய பில் உள்ள கார், பில் ஒன்றும் இல்லாத இந்தக் காரை விடப் பாதுகாப்பானது.

நீங்கள் எழுதியதில் சேர்விஸ் பதிவு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். எஸ்பிசி எண், குளிர் ஸ்டார்ட், 13 முனைக் கனெக்டர், இந்த மூன்றும் சரி என்றால் விலையின் நாலில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கு ஒதுக்கிக்கொண்டு எடுக்கலாம். அந்த ஒதுக்கீடு கையில் இல்லை, கடன் வாங்கியே வாங்குகிறேன் என்றால் எடுக்காதீர்கள். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 2007 அல்லது 2008ஆம் ஆண்டு டபிள்யூ 211 தேடுங்கள்: எஸ்பிசி இல்லை, அதே 1.8 என்ஜின் 184 குதிரைவலுவோடு, ஆனால் செயின் பிரச்சினை அதிலும் உண்டு. முற்பணம் கொடுக்கும்போது ரசீதில் சேசிஸ் இலக்கத்தையும், ஸ்கேன் பரிசோதனையில் குறை வந்தால் பணம் திரும்பும் என்ற வரியையும் எழுதி, விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த வரியை எழுத விற்பவர் தயங்கினால் முற்பணம் கொடுக்க வேண்டாம்.